கண் விழிக்கும் பெட்டி

கழுத்தில் துளை போட்டாக வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்ட ஒரு கட்டடத் தொழிலாளியிடமிருந்து இந்தக் கதையைத் தொடங்கலாம். இடம் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரம். காலம் 1980 ஜூன். அந்த மனிதருக்குக் கடுமையான ஸ்லீப் ஆப்னியா. அசந்து தூங்கியதும் தொண்டை மூடிக்கொள்ளும். மார்பு மேலும் கீழுமாகத் தவிக்கும், காற்று மட்டும் உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை பதறி எழுப்பும். வீடே அதிரும்படி ஒரு குறட்டையோடு மூச்சு திரும்பும். மறுபடி கண் செருகும், மறுபடி தொண்டை மூடும். இரவெல்லாம் இதே கூத்து நடந்தால் பகலில் உட்கார்ந்த இடத்தில் தலை தொங்கத்தானே செய்யும்?

அன்றைக்கு இந்த நோய்க்கு நம்பிச் செய்யக்கூடிய வைத்தியம் டிரக்கியாஸ்டமிதான். தொண்டையில் அடைப்பு விழும் இடத்துக்குக் கீழே கழுத்தில் துளையிட்டு, ஒரு குழாயைச் செருகி, மூச்சைக் குறுக்கு வழியில் விடுவார்கள். பலன் உண்டு, சந்தேகமே இல்லை. ஆனால் பகலில் துளையை மூடி, இரவில் திறந்து, ஆயுள் முழுக்க அதைத் துடைத்துக்கொண்டே வாழ வேண்டும். சிமென்ட் தூசியில் வேலை பார்க்கிற ஆளுக்கு அது எப்படிப்பட்ட வாழ்க்கை என்று சொல்லத் தேவையில்லை. துளைக்கு முன்னால் ஒரே ஒரு ராத்திரி வேறொன்றைச் சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்டபோது அவர் சம்மதித்தார்.

கேட்டவர் காலின் சலிவன் என்ற டாக்டர். கனடாவின் டொராண்டோவில் எலியட் ஃபிலிப்சனுடன் சேர்ந்து, தூங்கும் நாய்களின் மூச்சை ஆராய்ந்துவிட்டுச் சிட்னிக்குத் திரும்பியிருந்தவர். நாயின் முகவாய்க்குக் கச்சிதமாகப் பொருந்தும் மாஸ்க் செய்து பழகிய கை அது. அந்தப் பழக்கம் இங்கே உதவியது. நோயாளியின் மூக்கை மாவுக்கட்டு போடும் பிளாஸ்டரில் அச்சு எடுத்து, அதன்மேல் ஃபைபர்கிளாஸில் ஒரு மூக்குமூடி செய்து, காற்று கசியாமல் இருக்க சிலிக்கோன் பசையால் முகத்தோடு ஒட்டினார்கள். காற்றை ஊதுவதற்கு வேக்யூம் கிளீனரின் மோட்டார். உறிஞ்சுவதற்காகப் படைக்கப்பட்டதைத் திருப்பி வைத்து ஊத விட்டார்கள். சத்தம் எப்படியிருந்திருக்கும் என்று வீட்டில் வேக்யூம் கிளீனர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

இதற்குப் பின்னாலிருந்த யோசனை எளிமையானது. ஜூஸ் கடையில் இப்போது தருகிறார்களே காகித ஸ்ட்ரா, அது ஊறிப்போன பிறகு பலமாக உறிஞ்சினால் என்ன ஆகும்? சுவர் ஒட்டிக்கொள்ளும். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்துவிடுவதால், மூச்சை இழுக்கிற இழுப்பிலேயே தொண்டை அப்படி ஒட்டிக்கொள்கிறது. உறிஞ்சுவதற்குப் பதிலாக உள்ளே லேசாக ஊதிக்கொண்டே இருந்தால் ஸ்ட்ரா விரிந்தபடியே நிற்கும். எலும்பு முறிந்த கைக்கு மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுவதுபோல, தொண்டைக்குள் காற்றால் ஒரு சிம்பு. அழுத்தமும் அதிகம் வேண்டாம். தண்ணீர் டம்ளரில் ஸ்ட்ராவை 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்கி, குமிழி வரும்வரை ஊதுங்கள். அவ்வளவுதான். வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு.

அன்றிரவு சலிவன் பக்கத்திலேயே இருந்தார். நோயாளி தூங்கினார், மூச்சு நின்றது. அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஓரிடத்தில் குறட்டை அடங்கி மூச்சு சீராகிவிட்டது. குறைத்தால் தொண்டை மறுபடி மூடியது, கூட்டினால் திறந்தது. சுவிட்சைப் போட்டு அணைப்பதுபோல நோயைப் போட்டு அணைக்க முடிந்தது. சிறிது நேரம் பார்த்துவிட்டு நிறுத்துவதாகத்தான் திட்டம். ஆனால் அந்த மனிதர் பல வருஷக் கடனைத் திருப்பி வாங்குவதுபோல ஆழ்ந்த கனவுத் தூக்கத்துக்குள் போய்விட்டார். ஏறக்குறைய ஏழு மணி நேரம் தூங்கி, காலையில் தெளிந்த முகத்தோடு எழுந்தார்.

1981 ஏப்ரலில் 'லான்செட்' இதழில் ஐந்து நோயாளிகளின் கணக்கோடு கட்டுரை வந்தது. அவர்களுக்குத் தேவைப்பட்ட அழுத்தம் 4.5 முதல் 10 சென்டிமீட்டர் வரை. கட்டுரையில் நான்கு பெயர்கள்: சலிவன், ஈசா, பெர்த்தன்-ஜோன்ஸ், ஈவ்ஸ். மூன்றாவது பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

சிபாப் என்று இன்று எல்லோரும் சொல்கிற கருவி பிறந்தது இப்படித்தான். அந்த முதல் இரவில் எல்லாமே ஓர் ஆளுக்கென்று அளவெடுத்துச் செய்யப்பட்டிருந்தது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாஸ்க் அவர் மூக்கின் அச்சு. அழுத்தம் அவர் தொண்டையிடமே கேட்டுப் பெற்ற எண். கூட்டிக் குறைக்க, கண் விழித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதர். ஒவ்வொருவருக்கும் ஏற்ற சிகிச்சையைச் செயற்கை நுண்ணறிவு தரப்போகிறது என்று இன்று பேசும்போது, ஏதோ புதிதாக வானத்திலிருந்து இறங்கியதுபோலப் பேசுகிறோம். இந்த வைத்தியம் பிறந்ததே அப்படித்தான். இடையில் தொலைத்தோம்.

தொலைத்ததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. 1985-ல் அமெரிக்காவில் ரெஸ்பிரானிக்ஸ் நிறுவனம் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1989-ல் பீட்டர் ஃபாரல் சிட்னியில் தொடங்கிய நிறுவனம் பின்னர் ரெஸ்மெட் ஆனது. மூக்கு மூக்காக அச்செடுத்துக் கொண்டிருந்தால் தொழில் நடக்குமா? சின்னது, நடுத்தரம், பெரியது என்று மாஸ்க் வந்தது. டாக்டர் விழித்திருந்த இடத்துக்குத் தூக்க ஆய்வகத்தின் டெக்னீஷியன் வந்தார். தலையிலும் மார்பிலும் வயர்களை ஒட்டிக்கொண்டு நோயாளி படுத்திருப்பார். அடுத்த அறையில் டெக்னீஷியன் திரையைப் பார்த்தபடி 4 சென்டிமீட்டரில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக ஏற்றுவார். விடிவதற்குள் ஓர் எண் கிடைக்கும். அந்த ஒரு ராத்திரியின் எண்ணைக் கருவியில் பதித்து, இனி எல்லா ராத்திரிக்கும் இதுதான் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஆனால் தொண்டை தினமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. மல்லாந்து படுத்தால் ஒரு தேவை, ஒருக்களித்துப் படுத்தால் வேறு. கனவுத் தூக்கத்தில் தசை இன்னும் தளரும். ஜலதோஷம், இரண்டு பெக், நான்கு கிலோ எடை என்று எது கூடினாலும் கணக்கு மாறும்.

ஆய்வக இரவையே மிச்சம்பிடிக்கவும் முயன்றார்கள். 1993-ல் டொராண்டோவிலிருந்து ஒரு சூத்திரம் வந்தது. உடல் நிறை குறியீட்டெண்ணை 0.16-ஆலும், கழுத்துச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்து 0.13-ஆலும், ஒரு மணி நேரத்தில் மூச்சு தடைபடும் எண்ணிக்கையை 0.04-ஆலும் பெருக்கிக் கூட்டி, 5.12-ஐக் கழித்தால் தேவையான அழுத்தம் கிடைக்கும். குறியீட்டெண் 30, கழுத்து 42 சென்டிமீட்டர், மணிக்கு 40 தடை என்றால் விடை 6.7. சட்டைக் காலருக்கு அளவெடுப்பதுபோலக் கழுத்தை அளந்து வைத்தியம் சொல்வது கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். இன்றைய இயந்திரக் கற்றல் நிரல்களுக்கு இதைத் தாத்தா என்று சொல்வேன். பழைய நோயாளிகளின் கணக்கிலிருந்து புதிய நோயாளியை ஊகிக்கிற வேலையைத்தான் அவையும் செய்கின்றன. இதில் மூன்று எண்கள், அவற்றில் ஆயிரக்கணக்கான எண்கள்.

நினைவில் வைக்கச் சொன்ன மூன்றாவது பெயர் அதே 1993-ல் திரும்பி வருகிறது. மைக்கேல் பெர்த்தன்-ஜோன்ஸ், தன் அழுத்தத்தைத் தானே அமைத்துக்கொள்ளும் கருவி சாத்தியம் என்று ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டோசெட் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது அதுதான். அவர் செய்த வேலையை, டெக்னீஷியனின் கண்ணைப் பெட்டிக்குள் வைத்தது என்று சொல்லலாம்.

அந்தக் கண் எதைப் பார்க்கிறது? மூச்சின் வடிவத்தை. தடையில்லாமல் இழுக்கும் மூச்சை வரைபடமாக்கினால் கவிழ்த்துவைத்த கொட்டாங்கச்சிபோல உருண்டு இருக்கும். தொண்டை குறுகத் தொடங்கியதும் உச்சி நசுங்கி, கவிழ்த்த தாம்பாளம்போலத் தட்டையாகிவிடும். எவ்வளவு பலமாக இழுத்தாலும் குறுகிய குழாய் வழியே அதற்குமேல் காற்று வராது என்பதன் அடையாளம் அது. குறட்டை கேட்பதற்கு முன்பே, மூச்சு நிற்பதற்கு வெகுமுன்பே இந்த நசுங்கல் தெரிந்துவிடும். தட்டையைக் கண்டால் அழுத்தத்தைக் கூட்டு, மறுபடி உருண்டால் மெல்லக் குறை. இதுதான் பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

பாடத்தில் ஒரு பொறி இருந்தது. மூச்சு இரண்டு விதமாக நிற்கும். தொண்டை அடைத்து நிற்பது ஒன்று. தொண்டை திறந்தே இருக்க, மூச்சு விடு என்று மூளை சொல்லாததால் நிற்பது இன்னொன்று. இரண்டாவதைக் கண்டு அழுத்தத்தைக் கூட்டினால் நிலைமை மோசமாகலாம். அதனால் ஆரம்பகால நிரலில், அழுத்தம் ஏற்கெனவே 10 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தால் மூச்சு நின்றதை மட்டும் வைத்து மேலே ஏற்றாதே என்று ஒரு கடிவாளம் போட்டிருந்தார்கள். பிறகு வந்த கருவிகள் கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தன. மூச்சு நின்றதும் நொடிக்கு நான்கு முறை என்று மெல்லிய காற்றுத் தட்டலை உள்ளே அனுப்பிப் பார்த்தன. கதவைத் தட்டி உள்ளே ஆள் இருக்கிறாரா என்று கேட்பதுபோலத்தான். காற்று உள்ளே போய் வந்தால் வழி திறந்திருக்கிறது, போகாவிட்டால் அடைப்பு.

இதைச் செயற்கை நுண்ணறிவு என்று சொல்லலாமா? விற்பவர்கள் சொல்வார்கள். எனக்கு ஒப்பில்லை. இப்படி நடந்தால் இதைச் செய் என்று மனிதர்கள் எழுதிக்கொடுத்த விதிகளைப் பெட்டி பின்பற்றியது, தானாக எதையும் கற்கவில்லை. பலனும் அடக்கமானதுதான். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அறிக்கை, நிலையான அழுத்தக் கருவியைவிடத் தானியங்கிக் கருவியை மக்கள் இரவுக்குச் சுமார் 13 நிமிடம் கூடுதலாக அணிந்தார்கள் என்றது. அவ்வளவு மூளைக்குக் கிடைத்த கூலி 13 நிமிடம்!

அணிவதுதான் உண்மையான சிக்கல் என்பது முன்பே தெரிந்திருந்தது. அதே 1993-ல் அமெரிக்காவில் 35 பேரின் கருவிக்குள் மீட்டர் வைத்துப் பார்த்தார்கள். வாரத்தில் பெரும்பாலான இரவுகள் குறைந்தது நான்கு மணி நேரம் போட்டவர்கள் 46 சதவீதம்தான். கேட்டால் பலரும் கூட்டித்தான் சொன்னார்கள். சர்க்கரை நோயாளியிடம் ஸ்வீட் சாப்பிட்டீர்களா என்று கேட்கும் டாக்டருக்கு இது புதிதல்ல.

கற்கும் நிரல்கள் உள்ளே வந்தது அதற்குப் பிறகு. 2007-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் எல்-சோல் குழுவினர், நரம்பு வலைப்பின்னல் என்கிற கணினி முறையைப் பழைய நோயாளிகளின் விவரங்களால் பயிற்றுவித்து, புதியவருக்கு எந்த அழுத்தம் சரிப்படும் என்று ஊகிக்க வைத்தார்கள். கழுத்தளவுச் சூத்திரத்தின் நேர் வாரிசு. ஆனாலும் அதற்குக் கொடுக்கப்பட்ட கேள்வி பழையதுதான்: எவ்வளவு அழுத்தம்?

கேள்வியையே மாற்றியது 2013-ல் வந்த ஓர் ஆய்வு. பாஸ்டனில் டேனி எக்கர்ட்டும் கூட்டாளிகளும், ஒரே பெயரில் அழைக்கப்படும் இந்த நோய் ஆளுக்கு ஆள் ஏன் வருகிறது என்று தோண்டிப் பார்த்தார்கள். குறுகலான, எளிதில் மூடிக்கொள்ளும் தொண்டை எல்லோருக்கும் ஓரளவு பொது. அதோடு வேறு மூன்று காரணங்கள் ஒளிந்திருந்தன. சிலருக்கு, அடைப்பு விழும்போது நாக்குத் தசை எழுந்து வழிவிட வேண்டும், அது சோம்பிக் கிடக்கிறது. சிலருக்குத் தூக்கம் இலவம்பஞ்சு. லேசாக மூச்சு முட்டினாலே விழித்துக்கொள்கிறார்கள், தொண்டை தன்னைச் சரிசெய்துகொள்ள அவகாசமே கிடைப்பதில்லை. இன்னும் சிலருக்கு மூச்சைக் கட்டுப்படுத்தும் மையம், புதிதாக சைக்கிள் பழகுபவர் ஹேண்டில்பாரை ஒடிப்பதுபோல எல்லாவற்றையும் அளவுக்கு மீறித் திருத்துகிறது. கொஞ்சம் மூச்சு குறைந்தால் வாரி இழுக்கிறது, உடனே வேண்டாம் என்று விட்டுவிடுகிறது, மறுபடி வாரி இழுக்கிறது. ஆய்வுக்கு வந்த நோயாளிகளில் 69 சதவீதம் பேருக்கு இந்த மூன்றில் ஒன்றாவது இருந்தது.

அப்படியானால் எல்லோருக்கும் ஒரே காற்று எதற்கு? தசை சோம்பலென்றால் நாக்கு நரம்பைத் தூண்டும் கருவியை யோசிக்கலாம். நெஞ்சில் பொருத்தும் அப்படியொரு கருவிக்கு 2014-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. உடல் பருமனே மூலமென்றால் எடை குறைக்கலாம். 2024 டிசம்பரில் டிர்செபடைட் என்ற ஊசி மருந்தை, பருமனோடு வரும் நடுத்தர, கடுமையான ஸ்லீப் ஆப்னியாவுக்கென்றே அங்கே அனுமதித்திருக்கிறார்கள். கடையில் ஒரே அரிசி இருந்தவரை எந்த அரிசி என்று யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்டாக வேண்டும்.

அங்கேதான் கணினி உண்மையாகவே தேவைப்படுகிறது. எக்கர்ட் அளந்த விதம் பெரும்பாடு. தூங்குபவரின் அழுத்தத்தைத் திடீரென இறக்கி, தொண்டை என்ன செய்கிறது, மூளை எப்போது விழிக்கிறது என்று இரவெல்லாம் குறித்துக்கொண்டிருக்க வேண்டும். ஊர் ஊராக ஆஸ்பத்திரியில் செய்கிற காரியமல்ல. சாதாரணத் தூக்கப் பரிசோதனையின் பதிவிலேயே இந்தக் குணங்களின் ரேகை இருக்கும், படிக்கத் தெரிந்தால் போதும் என்று இறங்கினார்கள். 2015-ல் ஃபிலிப் டெரில், ஸ்காட் சாண்ட்ஸ் முதலியோர், அந்த சைக்கிள் ஆட்டத்தின் அளவை வழக்கமான பதிவிலிருந்தே கணக்கிடும் முறையை வெளியிட்டார்கள். எக்கர்ட் பின்னர் அடிலெய்டு வந்து சேர்ந்தார். 2021-ல் அவருடைய குழு, வழக்கமான பரிசோதனை விவரங்களிலிருந்தே இந்தக் குணங்களை ஊகிக்கும் நிரலைக் கொண்டுவந்தது. கதை ஆஸ்திரேலியாவுக்கே திரும்பிவிட்டது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த உருப்படி கனடாவில் பிறந்தது. ஜான் ரெம்மர்ஸ் இந்தத் துறையின் மூத்தவர். தூக்கத்தில் தொண்டை எப்படி மூடுகிறது என்று 1978-லேயே விளக்கியவர். சிபாப் பிடிக்காதவர்களுக்குக் கீழ்த்தாடையை முன்னே இழுத்துப் பிடிக்கும் பல் செட் போன்ற சாதனம் உண்டு. சிக்கல் என்னவென்றால், யாருக்கு அது கேட்கும் என்று காசு கொடுத்துச் செய்து போட்டுப் பார்த்தபின்தான் தெரியும். ரெம்மர்ஸ் குழுவினர், பல்லில் மாட்டிக்கொண்டு வீட்டிலேயே தூங்கக்கூடிய மோட்டார் வைத்த ஒரு தட்டைச் செய்தார்கள். மூச்சு தடுமாறும்போதெல்லாம் அது தாடையைத் தானாக இம்மியளவு முன்னே நகர்த்தும். அந்த இரவுகளின் பதிவைக் கற்றுக்கொண்ட நிரல், இவருக்குச் சாதனம் பலிக்கும், இவருக்குப் பலிக்காது, பலிக்கும் என்றால் தாடை எவ்வளவு முன்னே வர வேண்டும் என்று சொல்லியது. 2017-ல் வெளியான ஆய்வில், பலிக்கும் என்று அது சொன்னவர்களில் 97 சதவீதம் பேருக்குப் பலித்தது. பலிக்காது என்று சொன்னதில் அவ்வளவு துல்லியம் இல்லை, 72 சதவீதம்தான். 1980-ல் கூட்டிக் கூட்டிப் பார்த்த அதே கை, இப்போது ஒரு சின்ன மோட்டாராக வாய்க்குள் உட்கார்ந்திருக்கிறது.

இவ்வளவு சொன்னபின் ஓர் இடறலையும் சொல்லியாக வேண்டும். இதய பலவீனத்தோடு வரும், மூளை கட்டளை தராததால் மூச்சு நிற்கும் வகைக்கென்று இன்னும் புத்திசாலியான கருவி ஒன்று வந்தது. ஒவ்வொரு மூச்சையும் கவனித்து, குறைந்தால் ஊட்டி, கூடினால் விட்டுக்கொடுக்கும். அந்த முறையை உருவாக்கியவர்களிலும் பெர்த்தன்-ஜோன்ஸ் உண்டு. 1,325 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2015-ல் வந்தது. கருவி தன் வேலையைக் குறையில்லாமல் செய்திருந்தது. மணிக்கு 30-ஐ ஒட்டியிருந்த மூச்சுத் தடை 7-க்கும் கீழே இறங்கியிருந்தது. ஆனால் கருவி போட்டவர்களிடையே இதய, ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 34 சதவீதம் அதிகம். மூச்சு ஏறி இறங்கியது பலவீன இதயம் தனக்குத்தானே செய்துகொண்ட ஏற்பாடாக இருக்கலாம், அதைச் சரிசெய்கிறோம் என்று கெடுத்துவிட்டோமோ என்று பிறகு யோசித்தார்கள். திரையில் எண் அழகாக இருப்பதற்கும் ஆள் பிழைத்திருப்பதற்கும் நடுவே இவ்வளவு தூரம். தானே கற்கும் நிரலுக்கு எந்த எண்ணைக் குறைக்கச் சொல்லிக்கொடுக்கிறோம் என்பதை இந்தச் சோதனையை எதிரே வைத்துக்கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும் என்பேன்.

எண்ணை எடுக்கும் கருவியும் நடுநிலையானதல்ல. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், கறுத்த தோலில் ஆக்சிஜனை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டிவிடுகிறது. 2020-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மறைந்திருந்த ஆக்சிஜன் குறைவைக் கருவி தவறவிட்டது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு. தூக்கம் இலவம்பஞ்சா என்று பார்க்கும் எளிய மதிப்பெண் முறை ஒன்றில், இரவில் ஆக்சிஜன் இறங்கிய மிகத் தாழ்ந்த புள்ளி 82.5 சதவீதத்துக்கு மேலா கீழா என்பது ஒரு கேள்வி. நம்மூர் விரலில் அது ஓரிரண்டு கூடக் காட்டினால் ஒருவர் கோட்டின் அந்தப் பக்கம் போய்விடலாம். நிரல் அதைக் கண்டுபிடிக்காது, தந்த எண்ணைத்தான் நம்பும்.

இந்தியாவும் பங்கெடுத்த ஒரு பெரிய சோதனை 2016-ல் முடிந்தது. அடிலெய்டிலிருந்து நடத்தினார்கள். இதயநோயோ பக்கவாதமோ ஏற்கெனவே வந்த 2,717 பேர். சிபாப் போட்டால் அடுத்த மாரடைப்பும் பக்கவாதமும் குறையுமா என்பது கேள்வி. மொத்தக் கூட்டத்தில் குறையவில்லை. ஆனால் அவர்கள் சராசரியாகக் கருவியைப் போட்டிருந்தது இரவுக்கு 3.3 மணி நேரம். இந்தச் சராசரிக்குள் பலன் பெற்றவர் யார், பெறாதவர் யார் என்று பிரித்துப் பார்ப்பதுதான் இப்போது கற்கும் நிரல்களை வைத்துச் செய்ய முயலும் வேலை.

அந்த 3.3 மணி நேரம் என் மனதிலிருந்து போகமாட்டேன் என்கிறது. பதினொரு மணிக்குப் படுத்தால் இரண்டரைக்குள் மாஸ்க் கழன்றுவிட்டது என்று பொருள். இன்றைய பெட்டிகளுக்குள் மோடம் இருக்கிறது. எத்தனை மணிக்குக் கழன்றது, அதற்கு முன் எவ்வளவு கசிந்தது, அழுத்தம் எவ்வளவு இருந்தது எல்லாம் விடிவதற்குள் எங்கோ ஒரு கணினிக்குப் போய்விடும். மாஸ்க் தேர்ந்தெடுக்கவும் செல்போன் கேமராவில் முகத்தைக் காட்டினால் போதும், அளவு சொல்லிவிடுகிறது. பிளாஸ்டர் அச்சு திரும்பி வந்துவிட்டதுபோலத்தான். கழற்றியது ஏன் என்பது மட்டும் பதிவில் இல்லை. மூக்குத் தண்டில் புண்ணா, கரண்ட் போய்விட்டதா, குழாய் கழுத்தைச் சுற்றியதா, பேரப்பிள்ளை பயந்து அழுததா? பக்கத்தில் படுத்திருந்தவருக்குத் தெரியும். அவரை இன்னும் யாரும் கேட்கவில்லை.